சதுப்புக்கு அடியில் வயல்கள்

(வரலாற்று ஆர்வலர்களின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள மேயோ கவுண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவுண்டி என்பதை நம்முடைய மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவிலேயே பரப்பளவில் மூன்றாவது பெரிய கவுண்டி அது. ஏறத்தாழ 5,600 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய நிலத்தில் 2022 கணக்கெடுப்பின்போது வாழ்ந்தவர்கள் 1,38,000 பேருக்கும் சற்றுக் குறைவு. காசில்பார், பலினா, வெஸ்ட்போர்ட் என்று மூன்று சிறு நகரங்கள். அவற்றை விட்டு வடமேற்கே போனால் மைல் கணக்கில் பழுப்பு நிறச் சதுப்பும், நடுவே நெஃபின் மலையும், அப்புறம் கடலும்தான்.

சுற்றுலாத் துறையின் விளம்பரங்களில் இந்தப் பகுதி ‘காட்டு நிலம்’ என்றுதான் வரும். 2014இல் அந்நாட்டின் மேற்குக் கரை முழுவதையும் இணைத்து ஒரு நெடும்பாதையை அறிவித்தார்கள். அதன் பெயரிலேயே ‘காட்டு அட்லாண்டிக்’ இருக்கிறது. படங்களில் மனிதர்களே இல்லை. மேகம், பாறை, அலை, ஓரத்தில் ஓர் ஆடு. பார்க்கிறவர்களுக்கு மனிதக் கை படாத பூமி என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணத்தை மறுப்பதற்காகத்தான் இன்று பேசுகிறேன். மேயோவின் வெறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. அங்கே காடு இருந்தது, வெட்டினார்கள். வயல் இருந்தது, விட்டுப் போனார்கள். பிறகு ஊர்கள் இருந்தன, அவை காலியாயின. சில முறை மழை காலி செய்தது. சில முறை பசி. சில முறை சட்டம்.

முதலில் சதுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் மேயோவில் எதையும் புரிந்துகொள்ள முடியாது.

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் இங்கே இருப்பீர்கள். கடையில் கோகோ பீட் வாங்குகிறீர்கள் அல்லவா, அந்தப் பெயரில் இருக்கிற ‘பீட்’ என்பதுதான் இந்தச் சதுப்பின் சரக்கு. செடி செத்து விழுந்தால் நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் மக்கி மண்ணாகிவிடும். மேயோவின் வடபகுதியில் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் மழை. நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் காற்று புகாது. காற்றில்லாத, அமிலத்தன்மை கொண்ட அந்த ஈரத்தில் நுண்ணுயிர்களால் வேலை செய்ய முடிவதில்லை. ஸ்பாக்னம் என்ற பாசியும் கோரையும் வளர்ந்து, சாய்ந்து, மக்காமல் அப்படியே கிடக்கும். அதன்மேல் அடுத்த தலைமுறைப் பாசி. ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரு மீட்டர் என்ற கணக்கில் உயரும். பள்ளத்தில் மட்டுமல்ல, மேட்டிலும் சரிவிலும் ஒரு போர்வையாக மூடிக்கொண்டு வளர்வதால் இதற்குப் போர்வைச் சதுப்பு என்றே பெயர். அயர்லாந்தின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் இப்படிப்பட்ட சதுப்பு வகைகள்தான். மரம் குறைந்துபோன நாட்டில் அடுப்புக்கு எரிபொருளும் அதுவே. வசந்த காலத்தின் முடிவில் ‘ஸ்லான்’ என்ற பக்கச் சிறகு வைத்த நீள மண்வெட்டியால் செங்கல் செங்கல்லாக வெட்டியெடுத்து, சாய்த்து நிறுத்திக் காயவைத்து, வீட்டோரம் அடுக்கி வைப்பார்கள். வெட்டிக் காய்ந்த கட்டியை டர்ஃப் என்பார்கள். அந்தப் புகையின் வாசனை மேற்கு அயர்லாந்தின் கிராமங்களில் இன்றும் இருக்கிறது.

இந்த டர்ஃப் வெட்டுகிற வேலையிலிருந்துதான் நான் சொல்லவந்த கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது.

வடக்கு மேயோவின் கடலோரத்தில், பாலிகாசில் என்ற ஊருக்கு மேற்கே பெல்டெரிக் என்றொரு சின்னஞ்சிறு ஊர். 1930களில் அங்கே பேட்ரிக் கால்ஃபீல்ட் என்பவர் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஊரார் எல்லோரையும் போல அவரும் டர்ஃப் வெட்டப் போவார். மேலடுக்குகளை வெட்டி எடுத்து அடிமட்டத்தை நெருங்கும்போதெல்லாம் கற்குவியல்கள் தட்டுப்பட்டன. ஊரில் எல்லோருக்கும் அந்தக் கற்கள் தெரியும். மண்வெட்டி முனையை மழுங்கடிக்கிற தொல்லை என்றே தெரியும். கால்ஃபீல்ட் வேறு விதமாகப் பார்த்தார். இந்தக் கற்கள் சிதறிக் கிடக்கவில்லை, வரிசையாக ஓடுகின்றன. ஆகவே யாரோ அடுக்கியவை. அவை சதுப்பின் மேல் இல்லை, நடுவிலும் இல்லை. சதுப்புக்கு அடியில், பழைய மண்ணின் மேல் நிற்கின்றன. ஆகவே சதுப்பு வளரத் தொடங்குவதற்கு முன்பே அடுக்கப்பட்டவை. சதுப்போ ஆள் உயரத்துக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. அப்படியானால் இவை எவ்வளவு பழையவை?

தொல்லியல் படிக்காத ஒரு கிராமத்து ஆசிரியர், ஒரு கருவியும் இல்லாமல் இந்த முடிவுக்கு வந்தார். டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கு எழுதினார். அந்தக் காலத்தில் ஆட்களும் பணமும் குறைவு. உடனடியாகப் பெரிய ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் ஒரு பையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தான். சேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்து, 1970களில் தன் சொந்த ஊருக்கு ஆய்வாளராகத் திரும்பி வந்தார். தந்தை கேட்ட கேள்விக்கு மகன் விடை தேடிய நிகழ்ச்சி அறிவுலகில் அரிது. எனக்கு மேயோ மீது பற்று ஏற்பட இந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது.

சேமஸ் கையாண்ட முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆயிரம் ஹெக்டேர் சதுப்பைத் தோண்டிப் பார்க்க முடியாது. தோண்டினால் சதுப்பும் போகும், சுவரும் சரியும். ஆனால் அந்த ஊர்க்காரர்களிடம் பழைய உத்தி ஒன்று இருந்தது. சதுப்புக்குள் புதைந்து கிடக்கும் பழங்கால மரத்துண்டுகள் கூரைக்கும் சட்டத்துக்கும் உதவும்; அவற்றைத் தேட நீளமான இரும்புக் கம்பியைச் செருகிப் பார்ப்பார்கள். சேமஸ் அதே கம்பியை எடுத்துக்கொண்டார். பீட் மென்மையானது, கம்பி சிரமமில்லாமல் இறங்கும். அடிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடும். எவ்வளவு ஆழத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஓரடி தள்ளி மறுபடி செருக வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று முன்னதாகவே கல்லில் முட்டி நின்றால், அங்கே சுவர். இரண்டு பக்கமும் குத்திப் பார்த்தால் சுவரின் அகலம், உயரம் எல்லாம் கிடைத்துவிடும். குத்திய இடங்களில் மூங்கில் கழிகளை நட்டுக்கொண்டே போனால், மண்ணுக்கடியில் போகும் சுவர் மேலே கழிகளின் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். ஒரு கல்லையும் அசைக்காமல் ஒரு பழைய உலகத்தின் வரைபடத்தை வரைந்துவிட்டார்கள். மாணவர்களும் ஊர் மக்களும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள்.

அந்த வரைபடம்தான் இன்று கேஜா வயல்கள் என்று அறியப்படுகிறது. கடற்பாறையின் விளிம்பிலிருந்து உள்நாட்டை நோக்கி நீண்ட கற்சுவர்கள், ஒன்றுக்கொன்று இணையாக, ஏறத்தாழ இருநூறு மீட்டர் இடைவெளியில், சில இடங்களில் இரண்டு கிலோமீட்டர் தூரம்வரை ஓடுகின்றன. அந்த நீள்பட்டைகளைக் குறுக்குச் சுவர்கள் வயல்களாகப் பிரிக்கின்றன. ஒரு வயல் ஏழு ஹெக்டேர்வரைகூட இருக்கிறது. மொத்தப் பரப்பு ஆயிரம் ஹெக்டேருக்கு மேல். சுவர்களின் மொத்த நீளம் நூறு கிலோமீட்டருக்கு மேல். இடையிடையே சிறு அடைப்புகள், அவற்றுக்குள் வீடு இருந்த தடயங்கள், பெஹி என்ற இடத்தில் முற்றம் வைத்துக் கட்டிய பெருங்கற்காலக் கல்லறை ஒன்று.

இவ்வளவு பெரிய வயல்கள் எதற்கு? தானியம் விதைக்கவா? பெரும்பாலும் இல்லை. மாடு மேய்க்க. மிதமான கடற்காற்று வீசும் கரை அது. குளிர்காலத்திலும் புல் முற்றிலும் நின்றுபோகாது. ஒரு பட்டையில் மேய்ந்த மாடுகளை அடுத்த பட்டைக்கு மாற்றி ஓட்ட இந்தச் சுவர்கள் தேவைப்பட்டன. இதற்குச் சான்று சுவர்களில் இல்லை, மகரந்தத்தில் இருக்கிறது. பூக்கள் உதிர்க்கும் மகரந்தத் துகள்கள் சதுப்பில் விழுந்தால் அழியாமல் அப்படியே இருக்கும். சதுப்பில் குழாயை இறக்கி நீள உருளையாக மாதிரி எடுத்து, அடுக்கு அடுக்காக நுண்ணோக்கியில் எண்ணினால், எந்தக் காலத்தில் என்ன வளர்ந்தது என்று தெரியும். கால்வே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ’கானல், கேரன் மலாய் போன்றவர்கள் இந்த வேலையைச் செய்தார்கள். ஆழத்தில் பைன், எல்ம், ஹேசல் மரங்களின் மகரந்தம். பிறகு மரங்கள் சரிகின்றன. புல் பெருகுகிறது. கூடவே, மாடு மேயும் தரையில் செழிக்கும் ஒரு சிறு களைச்செடியின் மகரந்தம் ஏறுகிறது. கொஞ்சம் தானியமும் உண்டு. இந்த மேய்ச்சல் வாழ்க்கை கி.மு. 3700 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நீடித்தது என்பது அவர்கள் முடிவு. எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்தைய காலம் அது.

இங்கே நான் ஒரு சர்ச்சையை மறைக்கக் கூடாது. சுவர்களின் வயதைப் பற்றி அறிஞர்களிடையே வாதம் நடக்கிறது. கல்லுக்குக் கார்பன் கணிப்புச் செய்ய முடியாது. சுற்றியுள்ள பொருட்களை வைத்துத்தான் வயதை ஊகிக்க வேண்டும். சேமஸ் கால்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் பைன் மரத்தின் அடிக்கட்டைகளைச் சான்றாக வைத்தார்கள். அந்த மரங்கள் சதுப்பின் மேல் வளர்ந்தவை. அவற்றின் வயது நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். மரம் வளரச் சதுப்பு முதலில் இருந்திருக்க வேண்டும். சதுப்பு மூடச் சுவர் அதற்கும் முன் இருந்திருக்க வேண்டும் என்பது வாதம். 2017இல் ஆண்ட்ரூ வைட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். சுவர்கள் புதிய கற்காலத்தவை என்பதற்கு நேரடிச் சான்று போதாது. அவை வெண்கலக் காலத்திலோ அதற்குப் பின்னரோ, ஒரே திட்டமாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருக்கலாம் என்றார். ஓ’கானலும் மற்றவர்களும் 2020இல் மகரந்தச் சான்றுகளைத் திரட்டி, பழைய காலக்கணிப்பே சரி என்று மறுமொழி எழுதினார்கள். என் மனம் மகரந்தத்தின் பக்கம் சாய்கிறது. அந்தக் காலத்தில் இந்த மண்ணில் மாடு மேய்ந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுவரும் ஒரே தலைமுறையில் எழுந்தது என்று சொல்லத் துணிய மாட்டேன். உலகின் மிகப் பழைய வயல்கள் என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்; வாதம் முடியவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரி, ஏன் விட்டுப் போனார்கள்? மழை கூடியது ஒரு காரணமாக இருக்கலாம். மரங்களை வெட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். மரம் குடிக்கும் நீரை இனி யார் குடிப்பது? தொடர்ந்த மழை மேல்மண்ணில் உள்ள இரும்புச் சத்தைக் கரைத்துக் கீழே இறக்கி, நீர் புகாத கெட்டித் தட்டாக இறுக்கிவிடும். அதன்மேல் நீர் தேங்கும். பாசி பிடிக்கும். எது எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். அந்த மக்கள் ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள். தாத்தா மேய்த்த வயலின் ஒரு மூலை பேரன் காலத்தில் சொதசொதவென்று ஆகியிருக்கும். அடுத்த தலைமுறையில் அந்த வயலையே விட்டிருப்பார்கள். அவர்கள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. பக்கத்துப் பெல்டெரிக்கில், பல நூற்றாண்டுகள் கழித்து, வெண்கலக் காலத்தில் வட்ட வீடு கட்டி, மேட்டுப்பாத்தி போட்டு, அம்மிக்கல்லில் தானியம் அரைத்தவர்களின் தடயங்களைச் சேமஸ் கால்ஃபீல்ட் அகழ்ந்து எடுத்தார். அதே பெல்டெரிக்கின் கடலோரப் பாறைவிளிம்பில், விவசாயமே அறியாத, மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த முந்தைய மக்களின் இடத்தை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கிரேம் வாரன் ஆராய்ந்திருக்கிறார். ஒரு சின்ன ஊரில் மூன்று காலங்கள். கவிஞர் சேமஸ் ஹீனி அந்த ஊரைப் பார்த்துவிட்டுப் போய் எழுதிய கவிதை 1975இல் வந்த அவருடைய ‘நார்த்’ தொகுப்பில் இருக்கிறது.

கேஜா வயல்களின் நடுவே 1993இல் திறக்கப்பட்ட பார்வையாளர் மையம், புல் போர்த்திய பிரமிடு வடிவத்தில், உச்சியில் கண்ணாடியோடு நிற்கிறது. உள்ளே சதுப்பிலிருந்து எடுத்த 4,300 ஆண்டுப் பழைய பைன் மரம் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். எதிரே சாலையைத் தாண்டினால் நூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக விழும் கடற்பாறை. வழிகாட்டிகள் நம் கையிலும் கம்பியைக் கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். இரண்டு மீட்டர் கீழே கல்லில் முட்டும்போது உள்ளங்கைக்கு ஏறுகிற அதிர்வை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் தராது. சுவர்களில் மிகச் சிறிய பகுதியைத்தான் திறந்து காட்டியிருக்கிறார்கள். மற்றதெல்லாம் சதுப்புக்கு அடியிலேயே இருக்கிறது. அதுதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன். சதுப்பு அதை ஐயாயிரம் ஆண்டுகள் காத்து வந்திருக்கிறது; நாம் திறந்துவைத்தால் மழையும் கால்களும் சில தலைமுறைகளில் குலைத்துவிடும்.

தெற்கே போனால் க்ரோ பேட்ரிக் மலை. 764 மீட்டர் உயரக் கூம்பு. ஐந்தாம் நூற்றாண்டில் புனித பேட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்த இடம் என்பது நம்பிக்கை. ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள். சிலர் வெறுங்காலோடு, கூரான சரளைக் கற்களின் மேல். உச்சியில் 1905இல் கட்டிய சிறு தேவாலயம் இருக்கிறது. 1990களில் நடந்த அகழ்வில் அதற்கருகே மிகப் பழைய ஒரு கல் வழிபாட்டிடமும், உச்சியைச் சுற்றி அதனினும் முந்தைய ஓர் அரண் சுவரும் தெரியவந்தன. கிறித்தவத்துக்கு முன்பே இது புனித மலை என்று கருத இடம் உண்டு. பக்கத்துப் போஹே என்ற சிற்றூரில் குழிகளும் வளையங்களும் செதுக்கிய பாறை ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 ஆகிய நாட்களில் அந்தப் பாறையருகே நின்று பார்த்தால், மறையும் சூரியன் க்ரோ பேட்ரிக்கின் உச்சியைத் தொட்டு, சரிவோடு உருண்டு இறங்குவது போலத் தெரியும். உள்ளூர் ஆர்வலர் ஒருவர் 1990களில் கவனித்துச் சொன்ன பிறகே உலகம் அறிந்தது. இதற்கெல்லாம் நடுவே, 1980களில் அதே மலையில் தங்கம் இருப்பது தெரிந்து சுரங்கம் தோண்ட ஏற்பாடு நடந்தது. ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். சுரங்கம் வரவில்லை. அந்த மக்களுக்கு நான் தலை வணங்குகிறேன்.

இனி நான் சொல்லப் போவது மனத்துக்குக் கனமான பகுதி.

மேயோவின் பெருநிலத்தோடு பாலத்தால் இணைந்த அக்கில் தீவில், ஸ்லீவ்மோர் மலையின் தென்சரிவில், கூரையற்ற கல்வீடுகள் எண்பது, நூறு என்று வரிசையாக நிற்கின்றன. ஆளில்லா ஊர் என்றே பெயர். வீடுகளின் கீழ்ப்புறச் சரிவில், வெயில் சாய்வாக விழும் வேளையில், நிலம் முழுவதும் இணையான வரப்புகள் மேலெழுந்து தெரியும். அவை உருளைக்கிழங்கு நட்ட மேட்டுப்பாத்திகள். மண்வெட்டியால் இருபுறமும் மண்ணைத் தூக்கிப் போட்டு, கடற்பாசியை எருவாக இட்டு உயர்த்தியவை. ஒரு ஏழைக் குடும்பம் ஆண்டின் பெரும்பகுதி அந்தக் கிழங்கையே உண்டு வாழ்ந்தது. இந்த ஊர் 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் ஒரே நாளில் காலியானதல்ல. அதற்குப் பிறகும் கோடையில் மாடு மேய்க்க வந்து தங்குகிறவர்கள் அந்த வீடுகளைப் பயன்படுத்தினார்கள். அந்த வழக்கமும் இருபதாம் நூற்றாண்டில் நின்றது. அதே மலைச்சரிவில் பெருங்கற்காலக் கல்லறைகளும் இருக்கின்றன.

1845இல் கிழங்கில் நோய் விழுந்தது. 1841 கணக்கில் மேயோவில் 3,89,000 பேர் இருந்தார்கள், 1851இல் 2,74,000. பத்தே ஆண்டில் பத்தில் மூன்று பேர் இறந்தோ கப்பலேறியோ போய்விட்டார்கள். சரிவு அத்தோடும் நிற்கவில்லை. 1971இல் 1,10,000 அளவுக்கு இறங்கி, அதன் பிறகே மெல்ல ஏறியது. நோய் இயற்கையாக வந்தது. மக்களைக் கொன்றது நோய் மட்டுமல்ல. 1847இல் வந்த சட்டப் பிரிவு ஒன்று, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசு நிவாரணம் கிடையாது என்றது. சோறு வேண்டுமா, நிலத்தை விடு. விட்டவர்களின் வீட்டுக் கூரைகளைப் பிரித்துப் போட்டார்கள். மேயோவின் பல சரிவுகள் அப்படித்தான் வெறுமையாயின.

1849 மார்ச் மாதக் கடைசியில் லூயிஸ்பர் என்ற ஊரில் நூற்றுக்கணக்கான பட்டினி மக்கள் நிவாரணத்துக்காகக் கூடினார்கள். பரிசோதித்துப் பெயர் பதிய வேண்டிய அதிகாரிகள், மலைகளுக்கிடையே இருபது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளியிருந்த டெல்ஃபி மாளிகைக்குப் போயிருந்தார்கள். மக்களை அங்கே வரச் சொன்னார்கள். குளிரில், இரவில், நடந்து போனார்கள். அங்கும் எதுவும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் டூலாக் ஏரிக்கரையில் விழுந்து இறந்தார்கள். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் அன்றைய பதிவுகளும் ஊரின் நினைவும் வேறுபடுகின்றன. அந்தப் பள்ளத்தாக்கு அயர்லாந்தின் மிக அழகான இடங்களில் ஒன்று. கண்ணாடி போல ஏரி, இருபுறமும் மலை. சாலையோரம் ஒரு கற்சிலுவை. சக மனிதனை இழிவுபடுத்துவதைப் பற்றிய காந்தியின் கூற்று ஒன்றை அங்கே பொறித்து வைத்திருக்கிறார்கள். நம் நாட்டிலிருந்து போகிறவர்கள் பலர் எதிர்பாராமல் அதைப் பார்த்துத் திகைத்து நிற்கிறார்கள். திகைக்க வேண்டியதில்லை. பஞ்ச காலத்திலும் தானியம் கப்பலேறிய நாடு எது என்று கேட்டால் இரண்டு நாட்டுக்காரர்களும் கை தூக்க வேண்டியிருக்கும்.

அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1846இல், மேயோவின் ஸ்ட்ரெய்ட் கிராமத்தில் மைக்கேல் டேவிட் பிறந்தார். நாலு வயதில் குடும்பத்தோடு வீட்டை விட்டு விரட்டப்பட்டார். இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போய், பதினொரு வயதில் பஞ்சாலை இயந்திரத்தில் வலது கையை இழந்தார். 1879 ஆகஸ்டில் காசில்பாரில் மேயோ நிலச் சங்கம் உருவாக அவரே முன்னின்றார். இரண்டே மாதத்தில் அது நாடு தழுவிய சங்கமாயிற்று. உழுகிறவனுக்கு நிலம் என்ற கோரிக்கை அடுத்தடுத்த சட்டங்களாகி, கால் நூற்றாண்டுக்குள் அயர்லாந்தின் நிலவுடைமையையே புரட்டிப் போட்டது. இன்று மேயோவில் காண்கிற சின்னச் சின்னப் பண்ணைகள் அந்தப் போராட்டத்தின் விளைவு. ஆகவே வேலி போட்ட வயல் ஒவ்வொன்றையும் மரியாதையோடு பாருங்கள் என்று போகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு.

சதுப்பின் இன்றைய நிலையைச் சொல்லாமல் முடித்தால் பாதிதான் சொன்னதாகும். இருபதாம் நூற்றாண்டில் அரசு நிறுவனமான போர்ட் நா மோனா இயந்திரங்களைக் கொண்டு சதுப்பைச் சுரண்டி எடுத்தது. 1962இலிருந்து நாற்பது ஆண்டுகள் போல மேயோவின் பெல்லகாரிக் மின்நிலையம் அந்தப் பீட்டை எரித்து மின்சாரம் தந்தது. வேலையில்லாத பகுதிக்கு வேலை வந்தது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ஆயிரம் ஆண்டில் ஒரு மீட்டர் வளர்ந்ததைச் சில பருவங்களில் வழித்தெடுத்தார்கள். சதுப்பு என்பது காற்றிலிருந்து பிடித்துப் பூட்டிவைத்த கரி. வடிகால் வெட்டி உலர்த்தினால் போதும், எரிக்காமலேயே அது காற்றுக்குத் திரும்பும். அதே பெல்லகாரிக்கில் 1992இல் நாட்டின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை எழுந்தது. 2021 ஜனவரியில் போர்ட் நா மோனா பீட் எடுப்பதை முற்றாக நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது வடிகால்களை அடைத்து, சதுப்பை மறுபடி நனைக்கிறார்கள். ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பீட்டுக்கு மாற்றுத் தேடியபோது நம் பொள்ளாச்சியின் தென்னை நார்த்தூளுக்கு அங்கே சந்தை பெருகியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

2022 அக்டோபர் இறுதியில் டர்ஃப் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்தது. பரம்பரை உரிமை உள்ளவர்கள் தம் வீட்டு அடுப்புக்கு வெட்டிக்கொள்ளத் தடையில்லை. கிராமங்களில் இதைப் பற்றிக் கோபம் இருக்கிறது. நகரத்திலிருந்து வருகிறவர்கள் எங்களுக்குச் சதுப்பைப் பற்றிப் பாடம் சொல்வதா என்கிறார்கள். எனக்கு இரு பக்கமும் புரிகிறது. சதுப்பைக் காக்கத்தான் வேண்டும். ஆனால் கேஜா வயல்களை உலகுக்குக் காட்டியது எந்த ஆணையமும் இல்லை, டர்ஃப் வெட்டப் போன ஓர் ஆள். அந்தக் கிராமத்தாரைக் குற்றவாளிகளாக நடத்துகிற எந்தக் காப்புத் திட்டமும் நிலைக்காது. கம்பியைச் செருகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

உங்களில் யாரேனும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், நேரே கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். காசில்பாருக்கு அருகே டர்லாக்கில் தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவு 2001 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே போங்கள். ஸ்லான் மண்வெட்டி, டர்ஃப் சுமக்கும் முதுகுக்கூடை, வைக்கோல் நாற்காலி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வடக்கே கேஜாவுக்குப் போங்கள். அன்றே திரும்ப நினைக்காமல் பெல்டெரிக்கையும் பாருங்கள். அக்கிலுக்கும் டூலாக்குக்கும் தனித்தனியாக ஒரு நாள் வேண்டும். மழைக்கோட்டும் கணுக்கால் மூடும் காலணியும் கட்டாயம். சதுப்பில் நடக்கும்போது பாதை விலக வேண்டாம். உங்கள் பாதுகாப்புக்கும்தான், அந்தப் பாசியின் பாதுகாப்புக்கும்தான். இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.